200 வாட் வேப் தேவையா? பில் வர்றது வாட்டுக்கு இல்ல, மில்லிக்கு



பைக்ல சிசி, கேமராவுல மெகாபிக்சல், ஃபோன்ல ரேம்னு பெரிய நம்பரைப் பார்த்துப் பொருள் வாங்குற பழக்கம் நம்ம எல்லாருக்கும் இருக்கு. அந்த வரிசையில இப்போ வேப்ல வாட் சேர்ந்திருக்கு. யூகேவுக்கு ஆன்சைட் போன, அங்கேயே படிச்சு வேலைக்குச் சேர்ந்த நம்ம ஆட்கள் பல பேர் கேட்கிற கேள்வி இது: "சிகரெட்டை விட்டுட்டு வேப்புக்கு மாறிட்டேன். இப்போ சின்ன பாட் வச்சிருக்கேன். 200 வாட் மாட் வாங்கினா நல்லதா? ஒரு தடவை போடுற முதலீடுதானே?"

முதலீடு என்ற வார்த்தையைக் கேட்டதும்தான் இதைப் பத்தி எழுதணும்னு தோணுச்சு. என்னோட பதில்: தேவையும் இல்ல, புத்திசாலித்தனமும் இல்ல. உடம்பு விஷயத்தை டாக்டர்கள் சொல்லட்டும். இங்க நான் பேசப்போறது பெரும்பாலும் பணம்.

அதுக்கு முன்னாடி ஒரு முக்கியமான விஷயம். இந்தக் கட்டுரையை சென்னையிலோ கோவையிலோ உட்கார்ந்து படிக்கிறீங்கன்னா, உங்களுக்கு வாட் கணக்கே வேண்டாம். 2019 செப்டம்பர்ல அவசரச் சட்டமா வந்து, அதே வருஷம் டிசம்பர்ல நாடாளுமன்றம் நிறைவேற்றின மின்னணு சிகரெட் தடைச் சட்டம் இந்தியா முழுக்க அமல்ல இருக்கு. தயாரிக்கிறது, இறக்குமதி பண்றது, கொண்டு போறது, விக்கிறது, விளம்பரம் பண்றது எல்லாமே குற்றம். முதல் தடவை மாட்டினா 1 வருஷம் வரை சிறை, இல்லைன்னா 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். மறுபடி மாட்டினா 3 வருஷம் வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும். முழுப் பொருள்தான்னு இல்ல, அதோட பாகங்களுக்கும் இது பொருந்தும். "தெரிஞ்ச பையன் வீட்டுக்கே கொண்டு வந்து தருவான்"னு வாங்குற பொருளுக்கு பில் கிடையாது, வாரண்டி கிடையாது, உள்ள என்ன ஊத்தியிருக்கான்னு அவனுக்கே தெரியாது. அதனால கீழே வர்ற கணக்கு முழுக்க யூகே கணக்கு, பவுண்டு கணக்கு.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

வாட் உண்மையில என்ன செய்யுது?

வேப்ங்கிறது ஒரு சின்ன ஹீட்டர். பேட்டரி, காயில், பஞ்சு, திரவம். அவ்வளவுதான். காயில் சூடாகும்போது பஞ்சுல ஊறியிருக்கிற திரவம் ஆவியாகுது. வாட் அதிகமா வச்சா ஒரே நேரத்துல அதிக திரவம் ஆவியாகும். வீட்ல 500 வாட் ஹீட்டருக்குப் பதிலா 2000 வாட் ஹீட்டர் போட்டா தண்ணி சீக்கிரம் சுடுற மாதிரிதான். புகை மாதிரி பெரிய மேகம் வருதே, அது உங்க பாட்டில்ல இருந்த திரவம். அதாவது நீங்க காசு குடுத்து வாங்கின மில்லி.

சின்ன பாட் வகை 10 முதல் 20 வாட்டுக்குள்ள ஓடும். சிகரெட் இழுக்கிற மாதிரி முதல்ல வாய்க்குள்ள இழுத்து, அப்புறம் உள்ள இழுக்கிறது. மாட் வகையில காயிலோட மின்தடை 1 ஓமுக்குக் கீழே இருக்கும், 60, 80, 100 வாட்னு ஓட்டுவாங்க, நேரா நுரையீரலுக்கு இழுப்பாங்க. அவ்வளவு ஆவியில அதிக நிக்கோடின் இருந்தா தலை சுத்தும், வாந்தி வரும். அதனால மாட் ஓட்டுறவங்க மில்லிக்கு 3 மி.கி. நிக்கோடின் இருக்கிற திரவத்தையே பயன்படுத்துவாங்க. பாட் ஓட்டுறவங்க 10, 12, சில பேர் சட்டம் அனுமதிக்கிற உச்சமான 20 மி.கி. வரைக்கும் போவாங்க.

கடைக்காரங்க சொல்ற பெரிய வாதமே இங்கதான் வருது. "3 மி.கி.தான் சார், நிக்கோடின் கம்மி, நல்லது." கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 3 மி.கி. என்பது ஒரு மில்லிக்கு. ஒரு நாளைக்கு எத்தனை மில்லி ஓடுதுன்னு யாரும் கேட்கிறதில்ல.

ரெண்டு பேரை எடுத்துக்குவோம். முதல் ஆள் 15 வாட் பாட், 12 மி.கி. திரவம், நாளைக்கு 2 மில்லி. ரெண்டாவது ஆள் 80 வாட் மாட், 3 மி.கி. திரவம், நாளைக்கு 8 மில்லி. பெருக்கிப் பாருங்க. 2 x 12 = 24 மி.கி. 8 x 3 = 24 மி.கி. ரெண்டு பேர் திரவத்திலும் இருந்த நிக்கோடின் ஒண்ணுதான். திரவம் மட்டும் 4 மடங்கு. நான் வசதிக்காக எடுத்த எண்கள்தான், ஆளுக்கு ஆள் மாறும். ஆனா போக்கு மாறாது. உடம்பு தனக்குப் பழகின நிக்கோடின் அளவைத் தேடும். திரவத்துல அது குறைஞ்சா இழுப்பு கூடும். நீர்த்துப் போன காபி குடுத்தா மூணு டம்ளர் குடிக்கிற மாதிரி.

2026 அக்டோபர் 1

இந்தத் தேதியைக் குறிச்சு வச்சுக்கோங்க. யூகேவில வேப் திரவத்துக்கு இதுவரைக்கும் வாட் வரி மட்டும்தான் இருந்தது (இந்த வாட் வேற, நம்ம ஜிஎஸ்டி மாதிரி, 20 சதவீதம்). 2026 அக்டோபர் 1 முதல் தனியா ஒரு கலால் வரி. 10 மில்லிக்கு 2.20 பவுண்டு. அதுக்கு மேலயும் 20 சதவீதம் போடுவாங்க, ஆக 2.64 பவுண்டு. நிக்கோடின் இருந்தாலும் இல்லாட்டியும், 3 மி.கி.யா இருந்தாலும் 20 மி.கி.யா இருந்தாலும் ஒரே ரேட்.

முதல்ல திட்டம் இப்படி இல்ல. 2024 மார்ச் பட்ஜெட்ல அறிவிச்சப்போ மூணு படி வச்சிருந்தாங்க: நிக்கோடின் இல்லாததுக்கு 10 மில்லிக்கு 1 பவுண்டு, மில்லிக்கு 11 மி.கி.க்குக் கீழே இருந்தா 2 பவுண்டு, அதுக்கு மேல 3 பவுண்டு. அப்புறம் ஆட்சி மாறி, 2024 அக்டோபர் பட்ஜெட்ல எல்லாத்தையும் சேர்த்து ஒரே ரேட் ஆக்கிட்டாங்க. பழைய திட்டத்துல மாட் ஆட்களுக்குக் கொஞ்சம் சலுகை இருந்தது. அதுலயும் அவங்கதான் தோத்திருப்பாங்க. இப்போ அந்தச் சலுகையும் போச்சு.

மேல சொன்ன ரெண்டு பேருக்கும் இதைப் போட்டுப் பார்ப்போம்.

பாட் ஆளுக்கு மாசம் 60 மில்லி. 10 மில்லி பாட்டில் 3.50 பவுண்டுன்னு வச்சா 6 பாட்டில் 21 பவுண்டு. புது வரி 15.84. மொத்தம் சுமார் 37 பவுண்டு.

மாட் ஆளுக்கு மாசம் 240 மில்லி. அவர் வாங்குறது ஷார்ட்ஃபில். யூகே சட்டப்படி நிக்கோடின் கலந்த திரவத்தை 10 மில்லிக்கு மேல ஒரே பாட்டில்ல விக்க முடியாது. அதனால நிக்கோடின் இல்லாத 50 மில்லியை 60 மில்லி பாட்டில்ல வித்து, கூடவே 18 மி.கி. இருக்கிற 10 மில்லி நிக் ஷாட் ஒண்ணைத் தர்றாங்க. ரெண்டையும் கலந்தா 60 மில்லி, மில்லிக்கு 3 மி.கி. சட்டத்தோட சந்துல புகுந்து உருவான ஒரு பொருள். நிக்கோடின் இல்லாததால பெரிய பாட்டில்ல, மலிவா கிடைச்சுது. நிக் ஷாட்டோட சேர்த்து 12 பவுண்டுன்னு வச்சுக்குவோம். 4 செட், 48 பவுண்டு. இப்போ வரி: 240 மில்லிக்கு 63.36 பவுண்டு. பொருளோட விலையை விட வரி அதிகம்! மொத்தம் சுமார் 111 பவுண்டு.

வித்தியாசம் மாசம் 74 பவுண்டு. வருஷத்துக்கு 890 பவுண்டுக்கு மேல. திரவத்துல நிக்கோடின் அதே 24 மி.கி.

இந்த இடத்துல வழக்கமா என்னை மாதிரி ஆட்கள் "இதை எஸ்ஐபில போட்டா 30 வருஷத்துல ஒரு கோடி"ன்னு ஒரு கிராஃப் காட்டுவோம். அதை இன்னைக்கு விட்டுடுவோம். ரெண்டு வருஷம் ஆன்சைட்னு வச்சா, பவுண்டுக்கு 100 ரூபாய்னு குறைச்சே போட்டாலும் 1.75 லட்சத்துக்கு மேல வருது. ஊர்ல கல்விக் கடன் ஓடிட்டு இருக்கிற ஒருத்தருக்கு இது எத்தனை இஎம்ஐன்னு நீங்களே பார்த்துக்கோங்க.

"வரி வர்றதுக்கு முன்னாடியே 5 லிட்டர் வாங்கி வச்சுக்கிறேன்"னு சிலர் யோசிப்பீங்க. திரவத்துக்கு எக்ஸ்பைரி இருக்கு, நிக்கோடின் நாளாக நாளாக நிறம் மாறும், காரம் மாறும். அதை விடுங்க. விட நினைக்கிற ஒரு பழக்கத்துக்கு ரெண்டு வருஷ ஸ்டாக் வாங்கி வைக்கிறது எந்தக் கணக்குல சேரும்?

பெட்டி மேல போட்டிருக்கிற 200

ஒரு தடவை போடுற முதலீடுன்னு சொன்னீங்கல்ல, அந்த 200 வாட்டே பெரும்பாலும் பெட்டி மேல மட்டும் இருக்கிற நம்பர். ரெண்டு 18650 செல் போடுற மாட்னு வைங்க. 200 வாட் வேணும்னா ஒவ்வொரு செல்லும் 100 வாட் தரணும். செல்லோட வோல்டேஜ் 3.6. அப்போ கிட்டத்தட்ட 28 ஆம்பியர். லோடு ஏறும்போது வோல்டேஜ் இறங்கும், ஆம்பியர் இன்னும் ஏறும். நல்ல கம்பெனியோட 3000 எம்ஏஎச் செல்லே தொடர்ச்சியா 15 முதல் 20 ஆம்பியர் வரைக்கும்தான் தாங்கும். 20-ஐ எடுத்துக்கிட்டாலும் ரெண்டு செல்லுக்கும் சேர்த்து 144 வாட். மீதி 56 வாட் எங்கிருந்து வரும்? செல்லை அதோட எல்லைக்கு மேல வதைச்சாத்தான் வரும். லித்தியம் செல்லை வதைச்சா என்ன ஆகும்னு ஸ்கூட்டர் தீப்பிடிச்ச வீடியோ பார்த்த நமக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

போகிற போக்குல ஒண்ணு: ஆன்லைன்ல 9900 எம்ஏஎச்னு எழுதின 18650 செல் மலிவா கிடைக்கும். அந்த சைஸ்ல நிஜமா கிடைக்கிறது 3500-ஐ ஒட்டித்தான். 9900-னு பார்த்தாலே போலின்னு முடிவு பண்ணிடலாம். மாட்ல இல்ல, டார்ச்லைட்ல கூட போடாதீங்க. அதே மாதிரி தனி செல்லை சாவி, சில்லறை கூட பேன்ட் பாக்கெட்ல போடாதீங்க. ஷார்ட் ஆகித் தொடையில தீக்காயம் பட்டவங்க இருக்காங்க.

பேட்டரி அதிக நேரம் வருமேன்னு ஒரு வாதம். அதையும் பார்ப்போம். ரெண்டு 3000 எம்ஏஎச் செல்லும் சேர்ந்து 21.6 வாட்-மணி. 80 வாட்ல ஓட்டினா மொத்தம் 16 நிமிஷம் சூடாக்கும். 1000 எம்ஏஎச் பேட்டரி இருக்கிற குட்டி பாட்ல 3.6 வாட்-மணி. 15 வாட்ல ஓட்டினா 14 நிமிஷத்துக்கு மேல. பாக்கெட்ல கல்லு மாதிரி கனக்கிற பொருளுக்கும் சாக்பீஸ் டப்பா சைஸ் பொருளுக்கும் வித்தியாசம் ரெண்டு நிமிஷம்! தனி சார்ஜர், மாத்து செல் எல்லாம் வாங்கினது இதுக்குத்தான்.

காயில் செலவு ரெண்டுலயும் வரும், அதுல பெரிசா சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா ஒரு விஷயம். வாட்டை ஏத்தி, பஞ்சு நனையுற வேகத்தை விடச் சூடு அதிகமாயிட்டா, காய்ஞ்ச பஞ்சு கருகும். அப்போ வர்ற ஆவியில ஃபார்மால்டிஹைடு மாதிரியான பொருட்கள் கூடுது. தொண்டையில கருகின வாசனை வந்தா உடனே நிறுத்திடுங்க. குறைஞ்ச வாட்ல இந்த ஆபத்து குறைவு.

யாருக்கும் பொருந்தாதா?

நியாயமா பேசணும்னா, மாட் பக்கம் இருக்கிறவங்க சொல்றதுல ஒண்ணு உண்மை. நாளைக்கு ஒன்றரை பாக்கெட் குடிச்ச சில பேருக்கு சின்ன பாட் பத்தல, பெரிய மாட் வந்த பிறகுதான் சிகரெட்டை முழுசா விட்டாங்க. அப்படி ஒருத்தரா நீங்க இருந்து, மாட்ல ரெண்டு வருஷமா ஒரு சிகரெட் கூட தொடலைன்னா, இந்தக் கட்டுரையைப் படிச்சுட்டு எதையும் தூக்கிப் போடாதீங்க. 20 சிகரெட் பாக்கெட் அங்க 15 பவுண்டைத் தாண்டிடுச்சு. நாளைக்கு ஒரு பாக்கெட்னா மாசம் 450 பவுண்டு. 111 அதுல கால்வாசிதான். வேப் வரி வர்ற அதே நாள்ல சிகரெட்டுக்கும் 100-க்கு 2.20 பவுண்டு கூட்டுறாங்க, ரெண்டுக்கும் இருக்கிற இடைவெளி குறைஞ்சிடக் கூடாதுன்னு. திரும்பிப் போறது எந்தக் கணக்குலயும் லாபம் இல்ல. வாட்டைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கிப் பாருங்க, அது போதும்.

மேகம் விடுறது ஒரு பொழுதுபோக்கு, எனக்குப் பிடிச்சிருக்குன்னு சொல்றவங்க? சரி, பொழுதுபோக்குன்னே பட்ஜெட்ல எழுதுங்க. "சிகரெட் விடுறதுக்கான செலவு"ன்னு எழுதி உங்களையே ஏமாத்திக்காதீங்க. ஜிம், நெட்ஃபிளிக்ஸ், ஹைக்கிங் ஷூ எல்லாம் இருக்கிற அதே வரிசையில 111 பவுண்டுன்னு எழுதிப் பாருங்க. எழுதின பிறகும் சம்மதம்னா அது உங்க காசு.

சிகரெட்டே குடிக்காதவர், ஆபீஸ் பசங்க கூட நிக்கும்போது கையில ஏதாவது இருக்கணுமேன்னு வாங்குறவர்னா, 15 வாட்டும் வேண்டாம், 200 வாட்டும் வேண்டாம். யூகே அரசு மருத்துவத் துறையான என்எச்எஸ் வேப்பைச் சொல்றதே சிகரெட் விட நினைக்கிறவங்களுக்கு மட்டும்தான். குடிக்காதவங்க தொடவே கூடாதுன்னு அதே வாயால சொல்லுது.

விட நினைக்கிறவங்களுக்கு ஒரு நல்ல செய்தி, நம்ம ஆட்கள் பல பேருக்குத் தெரியறதில்ல. விசாவுக்கு அப்ளை பண்ணும்போதே என்எச்எஸ் கட்டணத்தை முன்பணமா கட்டிட்டுத்தானே போறீங்க. அங்க உள்ளூர் அளவுல புகை நிறுத்த உதவி மையங்கள் இருக்கு, ஆலோசனை இலவசம். 2023 ஏப்ரல்ல 10 லட்சம் பேருக்கு வேப் ஸ்டார்டர் கிட் கொடுக்கிற திட்டத்தையே அரசு அறிவிச்சுது. உங்க கவுன்சில்ல இப்போ என்ன கிடைக்குதுன்னு ஒரு ஃபோன் போட்டுக் கேளுங்க. கடையில 70 பவுண்டு குடுத்து மாட் வாங்குறதுக்கு முன்னாடி அந்த ஃபோனைப் போடுங்க.

இன்சூரன்ஸ், அப்புறம் ஏர்போர்ட்

ரெண்டு விஷயம் பாக்கி இருக்கு.

டெர்ம் இன்சூரன்ஸ் எடுக்கும்போது புகையிலை, நிக்கோடின் பழக்கம் உண்டான்னு கேட்பாங்க. "நான் சிகரெட் குடிக்கிறதில்ல, 3 மி.கி. வேப்தான்"னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டு "இல்லை"ன்னு டிக் பண்ணாதீங்க. மருத்துவப் பரிசோதனையில பார்க்கிறது கோட்டினின். நிக்கோடின் உடம்புக்குள்ள போனா மிஞ்சுற பொருள் அது. சிகரெட்ல இருந்து வந்ததா வேப்ல இருந்து வந்ததான்னு அதுக்குத் தெரியாது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் பொதுவா ரெண்டையும் ஒண்ணாத்தான் பார்க்கும், பிரீமியம் கூடும். மறைச்சா என்ன? இந்தியாவுல இன்சூரன்ஸ் சட்டம் 45-ஆம் பிரிவுப்படி பாலிசி எடுத்த முதல் 3 வருஷத்துக்குள்ள, முக்கியமான தகவலை மறைச்சீங்கன்னு சொல்லி கம்பெனி பாலிசியைக் கேள்விக்கு உட்படுத்தலாம். அப்போ அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நீங்க இருக்க மாட்டீங்க, உங்க அம்மாவோ மனைவியோ அலையணும். கூடுதல் பிரீமியத்தைக் கட்டிடுங்க. வாட் குறைச்சாலும் மி.கி. குறைச்சாலும் நிக்கோடின் இருக்கிற வரைக்கும் இந்தச் செலவு குறையாது.

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்கு வரும்போது மாட்டை அங்கேயே வச்சுட்டு வாங்க. செக்-இன் பெட்டியில பேட்டரி இருக்கிற வேப்பை வைக்கவே கூடாது. கைப்பையில வச்சுக்கிட்டு விமானம் ஏறிடலாம், ஆனா சென்னையில இறங்கினதும் அது நான் மேல சொன்ன சட்டப்படி தடை செய்யப்பட்ட பொருளோட இறக்குமதி. சிங்கப்பூர் வழியா வர்ற பிளான் இருந்தா இன்னும் கவனம், அங்க கையில வச்சிருக்கிறதே குற்றம், அபராதம் உண்டு. நண்பனுக்கு கிஃப்ட்டா ரெண்டு வாங்கிட்டு வரலாம்னு நினைக்கிறதும் அதே கணக்குதான். அவனுக்கு சாக்லேட் வாங்கிட்டு வாங்க.

இப்போ கையில பாட் வச்சிருக்கிறவங்க ஒரு வேலை பண்ணுங்க. புது பாட்டில் திறக்கிற அன்னைக்கு அதுமேல தேதியை எழுதி வைங்க. தீர்ற அன்னைக்கு எத்தனை நாள் ஆச்சுன்னு பாருங்க. 10 மில்லியை அந்த நாட்களால வகுத்தா உங்க தினசரி மில்லி கிடைச்சிடும். அதை 30-ஆலயும், அப்புறம் 26.4 பென்ஸாலயும் பெருக்குங்க. அக்டோபர்ல இருந்து நீங்க மாசாமாசம் கட்டப்போற வரி அதுதான். அந்த நம்பரைப் பார்த்த பிறகும் 80 வாட்டுக்குப் போகலாமான்னு தோணுச்சுன்னா, அதே நம்பரை 4-ஆல பெருக்கி இன்னொரு தடவை பாருங்க.